வைப்பர் போட்டால் திரும்புகிறேன் என்று அர்த்தம்

ஜூன் 3, திங்கள்

கார் வாங்கிவிட்டார். என்னிடம் கேட்காமல் இல்லை. "ஒரு வண்டி இருக்குது, பாக்கலாமா?" என்று கேட்டார். பார்ப்பதற்குத்தானே என்று தலையாட்டினேன். பார்க்கப் போனவர் அதிலேயே திரும்பி வந்தார்.

கருநீலம். வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் செய்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வைத்திருந்து சலித்துப்போய் விற்றது. மூக்கு எங்கள் துளசிமாடத்தை முட்டுகிறது, வால் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. கேட்டைச் சாத்த முடியாததால் இவருடைய அம்மா, என் அத்தை, குறுக்கே கொடிக்கயிறு கட்டி அதில் இவருடைய லுங்கியைத் தொங்கவிட்டிருக்கிறார். வடவள்ளியில் லுங்கி காவல் காக்கும் ஒரே வெளிநாட்டுக் கார் இதுவாகத்தான் இருக்கும்.

"அஞ்சு சிலிண்டர், சுவர்ணா," என்கிறார் இவர், இரட்டைக் குழந்தை பிறந்ததுபோல. "எல்லா வண்டிக்கும் நாலு. பெரிய வண்டிக்கு ஆறு. இதுக்கு மட்டும் அஞ்சு. டர்போ வேற."

"நாலு பத்தாதுங்களா?"

மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவரிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

நறுமுகைக்கு ஆறு மாதம். பகலில் அவள் தூங்குவதே இல்லை. நானும் இல்லை. போன வாரம் குழந்தை டாக்டர் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா அருமையா இருக்குதுங்க. நீங்கதான் கொஞ்சம் சரியில்ல. மனசுல ஓடறத எல்லாம் ஒரு டைரில எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். மனசில் ஓடுவது: இந்தக் கார் எதன்மேலாவது மோதும்.

ஜூன் 5, புதன்

மோதவில்லை. இன்னும்.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா, இவருடைய பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இதை விற்றுவிட்டு ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி சின்னதாக, வெள்ளையாக ஒன்று வாங்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. இதன் ஸ்டியரிங்கை என் சுண்டுவிரல்கூடத் தொடாது. கல்லூரியில் பட்டிமன்றம் பேசிய பழக்கம், குரல் நன்றாகவே எழும்பியது. பெரியப்பா கை தட்டினார்.

இவர், "சரி, வித்தர்லாம்" என்றார். அவ்வளவுதான். பிறகு கேசரி சாப்பிட்டார்.

எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது பாப்பா பின்சீட்டில் என் மடியில் இருந்தாள். மருதமலை ரோட்டுக்குத் திரும்புவதற்குள் தூங்கியிருந்தாள். வாய் திறந்து, கை விரிந்து, வேலை முடித்த கொத்தனார் மாதிரி. பத்திரமாகக் குறித்துக்கொள்கிறேன்: தற்செயல்.

ஜூன் 12, புதன்

தற்செயல் இல்லை. திங்கள், செவ்வாய் சாயங்காலம் இவர் வந்ததும் ஒரு சுற்று போனோம். இரண்டு நாளும் தூக்கம். எதிர்வீட்டுக்காரர் காரில் வைத்துப் பார்த்தோம், அலறல். இன்ஜின் சத்தம்தான் காரணம் என்கிறார் இவர். நாலும் இல்லாமல் ஆறும் இல்லாமல் ஒரு மாதிரி தடுமாறிக்கொண்டே உறுமும் சத்தம். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று என்ற வரிசையில் சிலிண்டர்கள் வெடிக்குமாம். எண்ணத் தெரியாத வண்டிக்கும் எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் ஒத்துப்போகிறது.

ஆனால் இவர் வேலைக்குப் பைக்கில் போய்விடுகிறார். கார் பகலெல்லாம் சும்மா நிற்கிறது. பாப்பா பகலெல்லாம் அழுகிறாள்.

ஜூன் 14, வெள்ளி

இன்ஜின் சத்தத்தை போனில் பதிவு செய்து தொட்டிலருகே வைத்தேன். பாப்பா போனை நக்கினாள்.

அத்தைக்கு வேறு யோசனை. கோயமுத்தூரில் பிறந்தவருக்கு எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான். தொட்டிலை இழுத்து கிரைண்டர் பக்கத்தில் போட்டார். "இதும் உறுமறதுதானே கண்ணு."

பாப்பா அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். ஆனாலும் சும்மா ஓட்டக் கூடாது என்று அத்தை உளுந்தும் அரிசியும் போட்டுக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கம் எல்லோருக்கும் மாவு கொடுத்தோம். என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மத்தியானம் பாப்பா அழுது அழுது நீலமாகிப் போனாள். அத்தை சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குனவதானே நீ?"

"அது காலேஜ்ல படிக்கறப்ப, அத்த. அந்த வண்டி நம்ம பீரோ அளவுதான் இருக்கும்."

"பீரோவ ஓட்டுனவளுக்கு இது என்ன பெரிசு?"

"சுண்டுவிரல்கூடத் தொட மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டனே?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "மீதி விரலு இருக்குதில்ல?"

சத்தியமாகச் சொல்கிறேன், சுண்டுவிரல்களைத் தூக்கிக்கொண்டுதான் ஓட்டினேன். தொண்டாமுத்தூர் ரோட்டில், மாட்டுவண்டி வேகத்தில். எங்களை ஒரு மாட்டுவண்டி முந்தியது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் எங்களைத்தான் தேடி வருவதுபோல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும், யார் முதலில் ஓடி வருவார்கள், அம்மாவுக்கு யார் போன் செய்வார்கள் என்பதுவரை மனதுக்குள் படம் ஓடி முடிந்தது. லாரிகள் பாட்டுக்குப் போய்விட்டன.

இந்த வண்டியில் எல்லாமே இடம் மாறி இருக்கிறது. நம் வண்டிகளில் இண்டிகேட்டர் இருக்கும் பக்கம் இதில் வைப்பர் இருக்கிறது. திரும்பும் ஒவ்வொரு முறையும் கொளுத்தும் வெயிலில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடியது.

பாப்பா தூங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே இன்ஜினை நிறுத்தக் கூடாது. டர்போ பழுக்கக் காய்ந்திருக்கும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு மூச்சு வாங்கவிட வேண்டும் என்பது இவருடைய கட்டளை. அதனால் போர்ட்டிகோவில் இன்ஜின் ஓட, நானும் அத்தையும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் நாங்கள் இருவரும் எதுவும் செய்யாமல் ஒன்றாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"ஓடி வந்தவொடனே நிறுத்தப்படாதாமா?" என்றார் அத்தை.

"ஆமாங்கத்த. கெட்டுப்போயிருமாம்."

"வண்டிக்கு இருக்கற யோகத்தப் பாரேன்," என்றார்.

இவரிடம் சொல்லவில்லை. சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளி வைத்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்றும். நேற்றும்.

ஜூன் 25, செவ்வாய்

பாப்பாவுக்காகத்தான். வேறெதற்கும் இல்லை.

கியர் மாற்ற வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் சுலபம். ஆனால் அழுத்தினால் உடனே போகாது. ஒரு கணம் யோசிக்கும். அத்தையிடம் ஏதாவது கேட்டால் முந்தானையைச் சரிசெய்துவிட்டுப் பதில் சொல்வாரே, அப்படி. பிறகு திடீரென்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் ஒரு பாய்ச்சல். அதுதான் டர்போவாம். முதல் முறை கத்திவிட்டேன். இரண்டாம் முறையும் கத்தினேன், ஆனால் அது வேறு மாதிரிக் கத்தல்.

வடவள்ளி முக்கு ஆட்டோ ஸ்டாண்டில் ராஜாமணி என்று ஒருவர். இன்று தன் கூட்டாளியிடம் சொல்வது காதில் விழுந்தது: "அந்த நீல வண்டி வைப்பர் போட்டா அக்கா திரும்பறாங்கனு அர்த்தம். உட்ரு."

அவமானமாக இருந்தது. உபயோகமாகவும் இருந்தது.

ஜூன் 27, வியாழன்

டீசல் முள் குறையவே மாட்டேன் என்கிறது. தினமும் ஓட்டுகிறோம், முள் அப்படியே நிற்கிறது. தப்பாக நினைத்துவிட்டேன், சிக்கனமான வண்டி.

ஜூலை 1, திங்கள்

பேரூர் வரை போனோம். அத்தை ஏற்கெனவே சேலை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு, பாப்பா அழுவதற்கு முன்பே காரில் உட்கார்ந்திருந்தார். "அழுகட்டும்னு எதுக்குக் காத்துக்கிட்டிருக்கறது?" என்றார். திரும்பும் வழியில் நிறுத்தச் சொல்லி எலந்தப்பழம் வாங்கினார். டர்போ மூச்சு வாங்கும் நேரத்தில் அதைச் சாப்பிட்டோம். கல்யாணமான புதிதில் அத்தைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாதாம். "கேட்டாத்தானே சொல்றதுக்கு," என்றார். கொட்டைகளை என் மாமியார் ஜன்னல் வழியாகத் துளசிமாடத்தைத் தாண்டித் துப்பினார். நன்றாகவே துப்புகிறார்.

ஜூலை 3, புதன்

இண்டிகேட்டர் கம்பியில் சின்னதாக மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது, அம்புக்குறி போட்டு. முன்பே இருந்ததா? இருந்திருக்க வேண்டும். பனியன் கம்பெனிக்காரருக்கும் என்னைப் போலவே குழப்பம் போல.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஓட்டும்போது பயமாக இல்லை. வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் பயப்பட மறந்தது நினைவுக்கு வந்தது. உடனே பயந்துகொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலை ராகிக் கூழ். பாப்பாவுக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது. அலமாரி துடைத்தேன்.

கார் விலை பேசி முடிந்துவிட்டதாம்.

இவர் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றைக்கே விளம்பரம் போட்டிருந்தாராம், இப்போதுதான் ஒருவர் அகப்பட்டாராம். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம், பெயர் வெள்ளியங்கிரி. மத்தியானம் பார்க்க வருகிறார்.

"நீ சொன்னயேன்னுதான்," என்றார்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன்."

"குடுத்தர்ட்டுமா?"

"உங்க இஷ்டமுங்க."

"எனக்கென்ன இஷ்டம். உன்ற இஷ்டந்தான்."

அத்தை அடுக்களையில் ஒரு கரண்டியைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும்.

பெரியப்பா, அப்பா எல்லோர் முன்னாலும் பட்டிமன்றம் நடத்தியவள் நான். இப்போது எந்த வாயை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது?

வெள்ளியங்கிரி நல்ல மனிதராக இருந்து தொலைத்தார். வெற்றிலைக் கறை, வெள்ளை வேட்டி, காரைத் தொடும் முன் செருப்பைக் கழற்றினார். "வண்டில ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" என்று இவரிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். குறையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன்.

"இருக்குதுங்க. நெறய இருக்குது. உள்ள நிறுத்தறப்ப மூக்கு எங்க முடியுதுன்னே தெரியாது, துளசிமாடத்து நெழல வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வேகத்தடைல வயிறு தட்டும், கொஞ்சம் குறுக்கால ஏத்தணும். ஏசி போட்டு மேடு ஏறுனா ஒரு முனகல் கேக்கும், ஆனா அது சும்மா, ரெண்டாவது வளைவுல நின்னுரும். அழுத்துனா யோசிக்கும். அவசரப்படக் கூடாது. அது கெளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நாம அழுத்திரணும், அப்பத்தான் லாரிய..."

அங்கே நிறுத்திக்கொண்டேன். இவர் போர்ட்டிகோ கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

வெள்ளியங்கிரியின் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தன கவனமா பாத்துக்கிட்ட வண்டிங்களா! எனக்கு இதுவே போதுமுங்க. வெள்ளிக்கிழம அட்வான்ஸோட வர்றேன்."

என் வாயால் நானே விற்றுவிட்டேன்.

அப்போதுதான் அத்தை உள்ளிருந்து வந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி.

"அதெப்படீங்க? வந்த வண்டிய அனுப்பறதுன்னா அம்மங்கிட்ட பூக் கேக்காம அனுப்பறதா? வாற ஞாயித்துக்கிழம பூக் கேட்டுட்டுச் சொல்றமுங்க."

வெள்ளியங்கிரி உடனே கையைக் கூப்பினார். "அதச் செய்ங்க மொதல்ல. எங்கூட்லயும் பூக் கேக்காம ஒரு மாடு வாங்க மாட்டோம்."

ஜூலை 10, புதன்

காங்கேயம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். ஒரு வெள்ளை நந்தியாவட்டை, ஒரு சிவப்பு அரளி, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வண்டி நம்மிடம் இருக்கட்டும் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் கொடுத்துவிட வேண்டும். கள்ளமில்லாத கை எடுக்க வேண்டும் என்பதால் பாப்பா எடுப்பாள். பொட்டலம் கட்டுவது அத்தை பொறுப்பு.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல். பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதி என்பது போதாது என்று இன்று மத்தியானம் தோன்றியது. சும்மா தோன்றியது.

ஜூலை 12, வெள்ளி

பாப்பாவைத் தூங்கவைக்கச் சிறுவாணி ரோட்டில் போனோம். அவள் தூங்கிய பிறகும் போனோம். மழைத் தூறல், மலை கருத்துக்கிடந்தது. முதல் முறையாக வைப்பர் வைப்பருக்காகவே ஓடியது.

வந்து நிறுத்திய பிறகு, டர்போ மூச்சு வாங்கி முடித்த பிறகும், இன்ஜினை அணைக்க எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மத்தியானங்களில் நான் என்ன செய்வேன்? முன்பு என்ன செய்துகொண்டிருந்தேன்? ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, நடக்கவே நடக்காத விபத்துகளை ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை.

"அம்மா இருக்கறா," என்றார் அத்தை.

எந்த அம்மாவைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் அத்தை தினசரி காலண்டரில் இரண்டு தாள் கிழித்துப் பூவைச் சுருட்டி, மஞ்சள் நூல் சுற்றித் தட்டில் வைத்தார். இவர் ஓட்டினார். கோயிலில் இறங்கியதும், "தட்டை நான் எடுத்துட்டு வர்றேன், நீங்க முன்னால போங்க" என்றார். பாதி வழியில் டயப்பர் பையில் ஒரு வேலை இருப்பது எனக்கு நினைவு வந்து திரும்பினேன். அதற்குள் அவரே தட்டோடு வந்துகொண்டிருந்தார். பரவாயில்லை என்று பையை மூடிக்கொண்டேன்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, பாப்பாவின் முன் நீட்டினார். "எடு சாமி, ஒண்ணே ஒண்ணு எடு."

பாப்பா இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்தாள். ஒன்றை வாயில் வைத்தாள்.

நான் அலறிக்கொண்டு பிடுங்கினேன். அரளிப்பூ விஷம்! நூல் அறுந்து பூ விழுந்தது. வெள்ளை. அவள் இன்னொரு கையில் இருந்ததைப் பூசாரி மெல்ல வாங்கிப் பிரித்தார். அதுவும் வெள்ளை. நல்லவேளை, இரண்டுமே எங்கள் வாசல் நந்தியாவட்டை, அரளி இல்லை.

பூசாரி இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங், ரெண்டும் வெள்ளையா இருக்குதுங்களே?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

அத்தைதான் முதலில் சுதாரித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒரு தடவ சொன்னாவே போதும். ஆத்தா ரெண்டு தடவ சொல்லீட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?"

இவர் கோயில் வாசலில் நின்றே பொள்ளாச்சிக்குப் போன் செய்தார். போனில் வெள்ளியங்கிரியின் குரல் எனக்கே கேட்டது: "ரெண்டும் வெள்ளைங்களா! அப்ப அந்த வண்டிய நானே வந்து கேட்டாலும் நீங்க வெளிய உடாதீங்க."

காரருகே வந்ததும் இவர் சாவியை என்னிடம் நீட்டினார். "தூக்கம் வருது. நீ ஓட்டு."

"எனக்கு எங்கீங்க இதெல்லாம் ஓட்டத் தெரியும்?"

"தெரியாதுதான். சும்மா ஓட்டு."

ஓட்டினேன். பல்லடம் தாண்டி அழுத்தினேன். வண்டி யோசித்தது, பாய்ந்தது. பின்சீட்டில் பாப்பா தூங்கினாள். இவரும் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். சுண்டுவிரல்கள் எப்போது ஸ்டியரிங்கில் இறங்கின என்று கவனிக்கவில்லை.

வடவள்ளி முக்கில் திரும்பும்போது, முதல் முறையாக, மஞ்சள் அம்புக்குறி பார்த்துச் சரியான கம்பியைத் தட்டினேன். இண்டிகேட்டர் எரிந்தது. எதிரே வந்த ராஜாமணி ஆட்டோவைச் சர்ரென்று ஒடித்து நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏங்க்கா, திரும்பறதுன்னா வைப்பர் போட வேண்டாமா? நேராப் போறீங்கனு நெனச்சுட்டேன்!"

இவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "மன்னிச்சுக்கங்க ராஜாமணி. நாளைல இருந்து போடுவாங்க."

ராஜாமணியை இவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் இவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்ஜின் ஓட நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். கை துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். உள்ளே டீசல் பங்க் ரசீதுகள் ஒரு கத்தை. அதன்மேல் காலண்டர் தாளில் சுருட்டிய இரண்டு பொட்டலங்கள், மஞ்சள் நூலோடு.

அத்தை எட்டிப் பார்த்தார். "இது நான் கட்டுனதாச்சே!"

"அப்ப தட்டுல இருந்தது?"

உள்ளே இவர் பாப்பாவுக்கு ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். நிறையத் தப்பு இருந்தது, நிறையச் சந்தோஷமும் இருந்தது.

நான் அத்தையின் பொட்டலங்களைப் பிரித்தேன். முதலாவது வெள்ளை. இரண்டாவதைப் பிரிக்கும்போது அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு துளசிமாடத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அதுவும் வெள்ளை.

"அத்த..."

"செவப்பு அரளி இந்த வருசம் சரியாவே பூக்கல கண்ணு," என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. டயப்பர் பையின் அடியில் இருந்ததை வாசல் செடியடியில் போட்டுவிட்டேன். செடியிலும் வெள்ளைப்பூ ஒன்றுகூட மிச்சமில்லை.

இப்போது எல்லோரும் தூங்கியாகிவிட்டது. ஹாலில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பதினான்காம் தேதி. காலண்டரில் அடுத்த சனிக்கிழமை, இருபதாம் தேதி. சாயங்காலத்திலிருந்து மூன்று பேரும் அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். இன்று என்ன தேதி என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.